அண்டாவில் இடித்த இடி

எண்பதுகளின் கடைசியில், திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற வழியில் ஒரு கிராமத்துப் பால்வாடியில் டீச்சராக இருந்தேன். அருப்புக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அங்கே சமைக்க அந்த ஊர்க்காரியே ஒருத்தி இருந்தாள். என்னைவிட மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இன்றைக்கு அவளை மரியாதையாகச் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.

என் குரலுக்குப் பாட்டு ஒத்துவராது. அதனால் பிள்ளைகளை வைத்து மழை பெய்ய வைத்தேன். உள்ளங்கையில் ஒற்றை விரலால் தட்டினால் முதல் சொட்டு. எல்லோரும் கைகளைத் தேய்த்தால் தூறல். கம்புமணி போட்ட பவுடர் டப்பாக்களைக் குலுக்கினால் பெருமழை. இடி மட்டும் அக்காவுடையது. அண்டாவைக் கவிழ்த்துக் கரண்டியால் ஒரு போடு போடுவாள். "இன்னொரு மழை பெய்வோம் டீச்சரு" என்று பிள்ளைகளுக்கு முந்தி அவள்தான் கேட்பாள்.

முதல் சொட்டைத் தட்டுகிறவள், வந்த நாளிலிருந்து வாயே திறக்காத ஒரு சின்னப் பெண். நான் தலையசைத்ததும் தட்டுவாள். ஒருநாள் மழை ஓய்ந்ததும் "இன்னும்" என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. அதற்குப் பிறகு பஸ்ஸில் எத்தனை இடிபட்டாலும் எனக்கு வலிக்கவில்லை.

மாசியில் ஊரே மிளகாயைக் களத்தில் காயப்போட்டிருந்தது. அந்தச் சமயத்தில் மழை என்ற பேச்சையே அங்கே யாரும் எடுக்க மாட்டார்கள். டவுனில் வளர்ந்த எனக்கு அது தெரியாது. அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாள் அண்டாவை வெளுத்து வாங்கினாள். அன்று சாயங்காலம் நிஜமாகவே கொட்டித் தீர்த்தது. வத்தல் எல்லாம் கறுத்துப்போயிற்று.

மறுநாள் காலையில் ஊர்ச்சனம் பால்வாடி வாசலில் நின்றது.

"வத்தக் காயுற நேரத்துல மழையக் கூப்பிடச் சொன்னது யாரு?" என்றார் ஒரு பெரியவர்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"நான் அப்பவே வேணாம்னு சொன்னேன். டீச்சருதான் கேக்கல."

எப்போது சொன்னாள்? கரண்டியை ஓங்கும்போதா? கேட்டுவிட வாயெடுத்தேன். கறுத்த வத்தலை மடியில் ஏந்தி நின்ற பெண்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டேன். டப்பாக்களை அக்காவே பொறுக்கிச் சாக்கில் கட்டினாள். அந்தச் சின்னப் பெண் மறுபடி ஊமையானாள்.

ஐப்பசி பிறந்தும் மழையைக் காணோம். விதைத்த கம்பு புழுதியிலேயே கிடந்தது. ஒரு காலை பஸ்ஸை விட்டு இறங்கினால், கண்மாய்க் கரையில் ஊரே கூடியிருக்கிறது. மழை வேண்டி ஊர்ப்பொதுவில் காய்ச்சும் மழைக்கஞ்சி கொதிக்கிறது. என் பிள்ளைகள் என் டப்பாக்களோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அண்டாவோடு அக்கா.

கிட்டே போனேன். அதே பெரியவர் தடுத்தார். "டீச்சரு, கோவிச்சுக்கிறாதீக, செத்த தள்ளி நில்லுங்க. நீங்க கூப்பிட்டா நேரங்கெட்ட நேரத்துல வந்துரும். இவ கூப்பிடட்டும்."

சின்னப் பெண் என்னைப் பார்த்துவிட்டாள். விரலை உள்ளங்கைக்கு மேலே நிறுத்திக்கொண்டு என் தலையசைப்புக்காகக் காத்திருந்தாள்.

"அங்க என்னடி பார்வ? என்னயப் பாரு," என்றாள் அக்கா.

பிள்ளை அவள் பக்கம் திரும்பி முதல் சொட்டைத் தட்டினாள்.