ஆட்டுக் கொட்டாயில ஒரு வெல்டிங் பட்டறை

உதுமான் சவுதியில இருந்து வந்ததுல இருந்து வாயத் தொறந்தா பட்டறப் பேச்சுதான். வீட்டுக்குப் பின்னாடி கெடந்த பழைய ஆட்டுக் கொட்டாயச் சரிபண்ணி, கேட்டு, ஜன்னக் கம்பின்னு அங்கனயே வெல்டு அடிச்சுப் பொழைக்கணும். தாயில்பட்டியில இருந்துக்கிட்டு வெடி கம்பெனிப் பக்கம் தலவச்சுக்கூடப் படுக்கக்கூடாது. அம்புட்டுதான் அந்த மனுசன் ஆச!

அவன் தங்கச்சி பர்வீன் போனது வெடி விபத்துல. துணியச் சுத்தித்தான் குடுத்தாக, முகத்தக்கூடப் பாக்க விடல. அன்னைக்கே பொண்டாட்டி மெகருன்னிசாகிட்ட சத்தியம் வாங்கிட்டான், நம்ம வீட்டுல ஒருத்தரும் மருந்தத் தொடக்கூடாதுன்னு. மருந்துன்னா இந்தப் பக்கம் வெடிமருந்துதான்.

மெகருன்னிசா தொட்டுட்டா.

அவன் சவுதி போன புதுசுல அங்க சம்பளமே போடல. இங்க ரெண்டு பொம்பளப்பிள்ளைக, கஞ்சிக்கே வழியில்ல. ஏஜெண்டு செல்லச்சாமி, "வீட்டோட உக்காந்தே பாக்கலாம் பாயம்மா"ன்னு மருந்து மூடைய எறக்கிட்டுப் போயிட்டான். ஒரு சீசன் பூராம் அந்தக் கொட்டாய்க்குள்ள கதவச் சாத்திக்கிட்டு வெடிக்கு மருந்து அடச்சா. சம்பளம் வர ஆரம்பிச்சதும் விட்டுட்டா. புருசன்கிட்ட மூச்சு விடல, பாவம், எப்படிச் சொல்லுவா?

இப்ப அவன் பழைய ஓட்டப் பிரிச்சுத் தகரம் போடுறான், கரண்டு இழுக்குறான். அவ குடங்குடமா தண்ணி ஊத்தித் தரையக் களுவுறா. கல்லு இடுக்குல இருந்து சாம்பக் கலர்ல மினுமினுன்னு வந்துக்கிட்டே இருக்கு. நிக்கவே மாட்டேங்குது!

"ஏ மெகரு, நான் பட்டற போடுறனா, பள்ளிவாசல் கட்டுறனா? இந்தக் களுவு களுவுற?"

"ஆட்டு வாடை போகல மச்சான்."

"ஆட்ட வித்து எம்புட்டு வருசமாச்சு! ஒன் மூக்குக்குள்ளதான் ஆடு நிக்கிது."

பக்கத்து வீட்டு சுப்புத்தாய் செவுத்துக்கு மேல எட்டிப் பாத்தா. "பாய், மொத கேட்டு எங்க வீட்டுக்குத்தான். ஆனா ஒங்க வாய் மாதிரி மூடாம நின்னா காசு தரமாட்டேன்!"

உதுமான் விழுந்து விழுந்து சிரிச்சான். மெகருன்னிசாவுக்குச் சிரிப்பு வரல.

வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சு வந்து சட்டையக் களத்திப் போட்டான். பிள்ளைக பள்ளிக்கூடத்துல. மேசைக்குக் கம்பி அறுக்கணும்னு கிரைண்டர பிளக்குல சொருகுனான். தரை நல்லாக் காஞ்சு கெடந்துச்சு. இடுக்குல இன்னமும் மினுக்குது. இரும்புல பட்டா பொறி எப்படித் தெறிக்கும்னு அவளுக்குத் தெரியாதா? சொன்னா இந்த மனுசன் மூஞ்சில முழிக்க முடியாது. சொல்லலன்னா அந்த மூஞ்சியே இருக்காது.

"போடாதீக மச்சான்!" ஓடிப்போய் பிளக்கப் பிடுங்கிட்டா.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?"

"தரையில மருந்து கெடக்கு."

"நம்ம வீட்டுலயா? எவன் கொண்டாந்தான்?"

"நாந்தான். நீங்க அங்க சம்பளமில்லாம கெடந்தீகள்ல, அப்ப. இங்கன உக்காந்துதான் அடச்சேன்."

அடிப்பான்னு நெனச்சா. அடிக்கல. திட்டக்கூட இல்ல. அப்புறம் மெதுவாக் கேட்டான்.

"பிள்ளைக அப்ப எங்கன இருந்துச்சுக?"

"தனியா விட முடியாதுல்ல மச்சான்..." அவ மேல உத்தரத்தக் காட்டுனா. "சின்னவ மஹ்ரீனுக்கு அங்கனதான் தொட்டிலு கட்டியிருந்தேன்."

உதுமான் அந்த உத்தரத்தயே பாத்தான். அப்படியே வாசப்படியில உக்காந்துட்டான்.

பெறகு எந்திரிச்சு கடப்பாறைய எடுத்தான். "இரும்பு வேணாம் மச்சான்"னா அவ. சத்தம் வராம வெளிய வச்சுட்டு வந்தான். தண்ணிய ஊத்தி ஊத்தி, பலகையால ரெண்டு பேருமாச் சொரண்டுனாக. சொரண்டச் சொரண்ட அடியிலயும் அதே மினுக்கு. அந்த மண்ணத் தண்ணி டிரம்முல போட்டாக. அத எங்கன கொட்ட? ஓடையில ஆடு தண்ணி குடிக்கும், பொட்டல்ல பிள்ளைக வெளயாடும். ரெண்டு பேருக்குமே தெரியல.

"வேற எடத்துல பட்டற போடலாம்ல பாய்?"னு சுப்புத்தாய் கேட்டா. "சவுதிக் காசு பூராம் இந்தத் தகரத்துக்கும் கரண்டுக்கும் போயிருச்சு தாயி"ன்னான். வெல்டிங் மெஷின கட்டிலுக்கு அடியில தள்ளிட்டான்.

அடுத்த வாரம் உதுமான் வெடி கம்பெனி லாரிக்கு லோடு ஏத்தப் போனான். மெகருன்னிசா சோறு கட்டி நீட்டுனா. வாங்கிக்கிட்டு எறங்கி நடந்தான்.