கட்டத்தின் பின்பக்கம்

மருந்தாளுநர் சங்கத்தின் இதழில் பிழைத் திருத்தம் கடைசிப் பக்க மூலையில் ஒளிந்துகொள்ளாது. முதல் பக்கத்தில், கறுப்புக் கட்டத்துக்குள், தடித்த எழுத்தில் நிற்கும். கட்டத்தின் பின்பக்கம் வெற்றிடம். கடைக்காரர்கள் கத்தரித்து அலமாரியில் ஒட்ட வேண்டுமே! இதழ் பிறந்ததே அப்படித்தான். ஏதோ பாடப்புத்தகத்தில் தப்பாக வந்த மருந்தளவைத் திருத்தி, மூன்று மருந்தாளுநர்கள் கடை கடையாகக் கொடுத்த ஒற்றைத் தாள்தான் முதல் இதழ்.

அந்த வழக்கத்தை இத்தனை காலம் விடாப்பிடியாகக் காத்தவள் ஆசிரியை, ‘கட்டம் அக்கா’. பகலில் மருத்துவமனை மருந்துக் கவுன்ட்டர். மாலையில் தம்பியின் அச்சகம். கிண்டலாக வைத்த பெயரைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டவள்.

பொன்விழா இதழில் வந்தது வினை. போன மாத இதழின்போது அவள் விடுப்பில் இருக்க, சங்கத் தலைவர் தன் கட்டுரையை யாரிடமும் காட்டாமல் நேராக அச்சுக்கு அனுப்பியிருந்தார். குழந்தைகளின் காய்ச்சல் சிரப், ஐந்து மில்லிக்குப் பதில் பத்து மில்லி! அதற்கான திருத்தம் பொன்விழா இதழின் முதல் பக்கத்தில் வரப்போகிறது என்றதும், மனிதர் அச்சகத்துக்கே வந்து நின்றார்.

“இதழோட வரலாறு போடுற நேரத்துல அசிங்கமா இருக்கும்மா. கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல போட்டுடலாம்.”

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ரெண்டு மடங்கு மருந்து குடிக்கிறது உங்க பேரனா இருந்தா, பொடி எழுத்துலதான் சொல்வீங்களா?”

“பெரியவங்ககிட்ட பேசுற பேச்சா இது?”

“பெரியவங்க செய்யுற வேலையா அது? முதல் பக்கத்துல கட்டம் வரலைன்னா இதழே வராது. தம்பி, மெஷினை நிறுத்துடா!”

தம்பி நிறுத்தினான். இயந்திரச் சத்தம் அடங்கியதும் தலைவரின் சுருதியும் இறங்கியது.

“சரி, போட்டுத் தொலைங்க. ஆனா பின்னாடி வெத்தா விட்டு இடத்தைப் பாழாக்காதீங்க. அங்க என் படம் பெருசா வரணும்.”

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, படமாம் படம்! அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, “அப்படியே ஆகட்டும் ஐயா,” என்றாள். தம்பி திடுக்கிட்டுப் பார்த்தான். அவள் இவ்வளவு மரியாதை கொடுத்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று அவனுக்குத் தெரியும்.

விழா முடிந்த வாரம், தலைவர் ஓட்டை விழுந்த இதழோடு அவளுடைய கவுன்ட்டருக்குப் பாய்ந்து வந்தார்.

“எந்தக் கடைக்குப் போனாலும் என் மூஞ்சி இருந்த இடத்துல ஓட்டைம்மா! மூஞ்சியில பசையைத் தடவி அலமாரியில ஒட்டி வச்சிருக்கானுங்க!”

“எல்லாக் கடையிலயுமா?”

“ஒரு கடை பாக்கியில்லை!”

“அப்பாடா!” என்றாள் அக்கா. மூச்சு அப்போதுதான் சீராக வந்தது.