ஆப்ரிகாட் கொட்டைக் கரி

முகர்ரம் வீட்டுக் கிணற்றுக்கு நூறடி மேட்டில் கூட்டுப்பண்ணைக் காலத்துப் பூச்சிமருந்துக் கிடங்கு. பருத்திக்குத் தெளித்தது போக மிஞ்சியதை உள்ளே போட்டுப் பூட்டிவிட்டு அதிகாரிகள் நடையைக் கட்டினார்கள். கதவையும் கூரையையும் ஊர் பிய்த்துக்கொண்டு போயிற்று. மருந்து மட்டும் பத்திரமாக மண்ணுக்குள் இறங்கியது.

மருமகள் நசீபாவுக்கு இரண்டு முறை கரு கலைந்தது. அந்த ஃபெர்கானா பள்ளத்தாக்குக் கிராமமே கண்பட்டுவிட்டது என்றது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பது வருஷம் குடுவை கழுவிய முகர்ரமின் சந்தேகமோ கிணற்றின் மேல்தான். ஆப்ரிகாட் காயவைக்கும் களங்களில் குப்பையாய்க் கிடந்த கொட்டை ஓடுகளை அள்ளிவந்தாள். மூடிய தகர டப்பாவில் கரியாகச் சுட்டு, நொறுக்கி, அலசி, பீப்பாயில் மணலுக்கு மேல் நிரப்பி, கிணற்று நீரை அதில் ஊற்றி வடித்தாள்.

“தண்ணிக்கு மை தீட்டுறியாக்கும்” என்றாள் பக்கத்து வீட்டு ஹோசியத்.

இரண்டு தண்ணீரையும் நகரத்தில் சோதித்துப் பார்த்தார்கள். கிணற்று நீரில் விஷம் இருந்தது; பீப்பாய் நீரில் இல்லை. மறுநாளே ஹோசியத்தும் வாளியோடு வந்து நின்றாள்.

நசீபா மூன்றாம் முறை உண்டானாள். முகர்ரம் மாதந்தோறும் கரியை மாற்றினாள். தண்ணீரில் இருந்த நஞ்செல்லாம் பழைய கரியில் ஏறியிருக்கிறது, ஆழமாகப் புதைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பனியில் மண் இறுகிக் கிடந்ததால், வசந்தத்தில் குழி தோண்டிக்கொள்ளலாமென்று மூட்டை கட்டி மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வைத்தாள். நசீபாவிடம் வாய் திறக்கவில்லை. பிள்ளை சுமப்பவள் காதில் நஞ்சு, சாவு என்ற பேச்சே விழக்கூடாது. அங்கே எந்த மாமியாரும் விழவிட மாட்டாள்.

பிப்ரவரியில் முகர்ரம் ஹோசியத்திடம் மருமகளின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தாள். “எங்க நசீபா ஒரு குச்சியக்கூட வீணாக்க மாட்டா. பருத்திமார் விறகு தீந்து மாசமாச்சு, ரொட்டி மட்டும் ஒரு நாள் நிக்கல.”

“அப்ப எதைப் போட்டு எரிக்கிறா?”

முகர்ரம் எழுந்து கொட்டகைக்குப் பின்னால் ஓடினாள். நான்கு மூட்டையில் ஒன்றுதான் மிச்சம். நசீபா தந்தூர் அடுப்புக்குள் தலையை விட்டு, புகைக்குள் கையை நீட்டி, ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ஏழாம் மாதம் பிள்ளை செத்துப் பிறந்தது. எதனால் என்று மருத்துவருக்குச் சொல்லத் தெரியவில்லை. முகர்ரம் அன்றுதான் நசீபாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

நசீபா அழவில்லை. “காயவச்சா எரியுமே, வீணாப் போகுதேன்னு எடுத்தேம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொட்டிருப்பேனா?”

இப்போது வாளியோடு வரும் கர்ப்பிணிகளிடம்கூட, கரியில் விஷம் இருக்கிறது, தொடாதே என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள் முகர்ரம். விளங்காத வாய் என்று திட்டிக்கொண்டே தண்ணீர் பிடித்துப் போகிறார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. நசீபாதான் அந்தப் பீப்பாய்ப் பக்கமே வருவதில்லை. கிணற்றில் நேராக இறைத்து, மாமியார் பார்க்கப் பார்க்கக் குடிக்கிறாள்.