இரண்டு டப்பா வல்லாரை

அருள்புரத்தில் நான் சூப்பர்வைசராக இருந்த பனியன் கம்பெனியின் வாட்ச்மேன், தீபாவளிக்குக்கூடச் சொந்த ஊரான திருநெல்வேலிக்குப் போகாதவர். ஒல்லியான மனிதர், வெயிலிலும் கழுத்துப் பட்டனைக் கழற்றமாட்டார். கேட் ஓரம் பெயின்ட் டப்பாவில் வல்லாரை வளர்த்தார். அதிலிருந்து ஓடிய தண்டு, பக்கத்து டப்பாவில் வேர்விட்டு இன்னொரு செடியாகியிருந்தது. நூல் லாரி வரும்போதெல்லாம் டப்பாக்களைக் கைக்கு ஒன்றாகத் தூக்கி, நடுத்தண்டு இழுபடாமல் பக்கவாட்டில் அடியெடுத்து ஒதுங்குவார்.

“நடுவுல அறுத்துடலாமுங்களே? அதுதான் வேர் புடிச்சிருச்சுங்களே,” என்றேன் ஒருநாள்.

“சின்னது பொழச்சிக்கிடும் சார். பெருசு என்ன செய்யும்?”

பெரியதுக்கும் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தவன், கேட்டுக்கு வெளியே காத்திருந்த லாரி டிரைவரிடம் போய், “ஹாரன் அடிக்காதீங்க, அவரு மெதுவா ஒதுங்கட்டுமுங்க,” என்றேன்.