அந்தூரியத்துக்குப் பார்வை நேரம்

நர்ஸ் ரோசலினின் வார்டில் ஐந்து மணிக்குப் பார்வை நேரம் முடிந்தால் முடிந்ததுதான்; கலெக்டரே வந்து கெஞ்சினாலும் கதவு திறக்காது. அப்பேர்ப்பட்டவளை ஒரு அந்தூரியச் செடி ஆட்டி வைத்துவிட்டது.

மைசூரு விஜயநகரில் பக்கத்து வீட்டு நாகரத்னம்மா, மகளைப் பார்க்க பெங்களூர் போகும்போது இவளை நம்பி விட்டுப்போன செடி அது. வேர் தொட்டியை முட்டிக்கொண்டு நிற்கிறதே என்று, தேங்காய் மட்டையும் கரித்துண்டும் போட்டுப் பெரிய தொட்டிக்கு மாற்றினாள் ரோசலின். மறுநாளே இலைகள் தொங்கிவிட்டன. அந்தம்மா திரும்பிவரப் பத்தே நாள்.

ரோசலினுக்குக் கை சும்மா இருக்கவில்லை. காலையில் ஜன்னலோரம், மதியம் வராந்தா, சாயங்காலம் மொட்டைமாடி. போகவர ஒரு செம்பு தண்ணீர்.

"ஏன் ரோசி, ஆபரேஷன் பண்ணின ஆளை இப்படித்தான் கட்டில் கட்டிலா தூக்கிட்டுத் திரிவியா?" என்றார் கணவர் இஸ்ரவேல்.

"உங்களுக்கு என்னங்க தெரியும்? பேசாம பேப்பரைப் படிங்க."

அவர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழுந்தார். செடியைக் கூடத்தின் நிழல் மூலையில் வைத்து, ஓர் அட்டை எழுதி மாட்டினார்: 'நோயாளிக்கு ஓய்வு தேவை. பார்வை நேரம் மாலை 4 முதல் 5 வரை. மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர்.'

ரோசலின் முறைத்தாள். ஆனாலும் போர்டை மீறிப் பழகாத உடம்பு அது. வீட்டில் இருந்த நாளெல்லாம், நாலு மணி அடிக்கும்வரை அடுப்படியிலேயே பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் இலைகள் நிமிர்ந்தன. மறுநாள் வந்த நாகரத்னம்மா, அப்படி என்னதான் செய்தாய் என்று கன்னடத்தில் வியந்தார்.

"ஒண்ணுமே பண்ணலம்மா" என்றாள் ரோசலின்.

"அதைப் பண்றதுக்குத்தான் இவ பட்ட பாடு!" என்றார் இஸ்ரவேல்.