அந்தப் படம் பற்றி அவர்கள் சொன்னது

விழுப்புரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் நாங்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூடிப் படம் பார்ப்போம். முடிந்ததும் எல்லோரும் கருத்துச் சொல்ல வேண்டும். திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து நானும் தவறாமல் போவேன்.

போன வருடம் ஒருமுறை பழைய அமெரிக்கப் படம் ஒன்றைப் போட்டார்கள். எழுபதுகளில் கறுப்பர்களை நாயகர்களாக்கிச் சொற்பச் செலவில் எடுத்துத் தள்ளிய குற்றப் படங்களில் ஒன்று. தம்பியைக் கொன்ற போதைமருந்துக் கும்பலையும், அதற்குத் துணைபோகும் வெள்ளைக்கார போலீஸையும் அண்ணன் பழிவாங்குகிறான். ரத்தம் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது. ஒரு காட்சியில் மேலே மைக் தொங்கியது.

"சுத்தக் குப்பைங்க" என்றார் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர்.

போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர், "ஃபைட்டு சூப்பரு. ஹீரோதான் பேஜாரு. கரிக்கட்டை மாதிரி இருந்துக்கினு இன்னா ஸ்டைலு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அவனைவிடக் கறுப்பு.

என் முறை வந்தது. நாயகன் ஸ்டேஷனில் நாற்காலியை இழுத்துப் போட்டு போலீஸ் அதிகாரி எதிரே உட்காரும் காட்சியைச் சொன்னேன். வரப்புத் தகராறுக்காக அப்பாவை நான் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனதையும் சொன்னேன். என் பேண்ட் சட்டையைப் பார்த்து, "உக்காருங்க சார்" என்றார் ஏட்டு. அப்பாவும் உட்காரப் போனார். அவரிடம், "நீ நில்லுய்யா" என்றார் ஏட்டு. நானும் எழுந்து நின்றேன். திரும்பும்வரை அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

படம் போடும் நண்பர் குறுக்கிட்டார். "அது இனப் பிரச்சனைங்க. இங்க அதெல்லாம் இப்ப எங்க இருக்குது? ரெண்டையும் முடிச்சுப் போடாதீங்க." கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்கு ஒலக்கூர் பக்கம்தான? ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டார்.

"காலனிங்க."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். கீழே டீ குடிக்கையில் ஸ்டூடியோக்காரர் அருகில் வந்து, அன்பாகத்தான், "உங்களப் பாத்தா அப்படித் தெரியவே இல்லீங்க" என்றார். பாராட்டு என்று நினைத்துச் சொன்னார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் கருத்தையும் தொகுத்துப் போட்டிருந்தார்கள். மைக் தெரிந்ததுகூட இருந்தது. நான் சொன்னது இல்லை. அடுத்த மாதம் நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.