இரண்டு சொல்லில் எழுதிய பாடம்

யாழ்ப்பாணத்திலிருந்து புங்குடுதீவுக்கு வரும் மாலை பஸ்ஸில், யன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு, மடியில் கொப்பி விரிந்து கிடக்க, உதடு மட்டும் அசைய இருந்த என் தம்பிதான் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவான். பார்க்கிறவர்கள் பெடியன் நித்திரை என்று நினைப்பார்கள். அவனோ கல்லூரியில் அன்று கேட்ட பாடத்தைத் தலைக்குள் திரும்ப ஓட்டிக்கொண்டிருப்பான்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் தெற்கே போனவன். பிறத்தியாரின் கடையில் மூட்டை இறக்கத் தொடங்கி, முப்பது வயதுக்குள் சொந்தக் கடை போட்டேன். எவருடைய சிபாரிசும் இல்லை. என்னைப் போல் முன்னுக்கு வந்தவன் எங்கள் வட்டாரத்தில் இன்னொருவன் கிடையாது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் கிடையாது. எனக்கு மிஞ்சியிருந்த ஆசை ஒன்றுதான்: தம்பி டொக்டராக வேண்டும்.

ஒருமுறை ஊருக்கு வந்தபோது அவனுடைய விலங்கியல் கொப்பியைத் திறந்தேன். பக்கத்துக்கு நாலைந்து வரி, வரிக்கு இரண்டு சொல். ஓரத்தில் ஒரு தவளை, ஒரு அம்புக்குறி. மிச்சமெல்லாம் வெள்ளை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மாஸ்டர் மணிக்கணக்காக் கதைக்கிறார், நீ இவ்வளவுதானோ எழுதினனீ?”

“அண்ணை, கடைக்கு வாற ஆள் கதைக்கிறது எல்லாத்தையும் பில் துண்டில எழுதுவியளோ? சாமானைத்தானே எழுதுவியள்.” சிரித்தான். “மிச்சம் தலைக்குள்ள கிடக்கு. இது அதைத் தட்டி எழுப்ப மட்டும்.”

அந்தப் பதிலை நான் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

தீவுப் பெடியளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கடலில் லோஞ்ச் படகு ஓடாமல் வகுப்பைத் தவறவிட்டவன் கேட்டால் கொப்பி இல்லையென்று சொல்லக்கூடாது. கடலைக் கொந்தளிக்க வைக்கும் சோளகக் காற்றில் பல வகுப்புகளை இழந்த நெடுந்தீவுக் கூட்டாளி ஒருவன், சோதனை லீவுக்கு ஊர் போகும்போது கேட்டான். தம்பி விலங்கியல் கொப்பியைத் தூக்கிக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை லோஞ்சில் கொண்டு வருவதாகப் பேச்சு. அந்த வெள்ளிக்கிழமை கடல் எழும்பியது. லோஞ்ச் வரவில்லை. சோதனை நெருங்கியும் வரவில்லை.

அப்போது ஊரில் நின்ற நானே எங்கள் தீவின் குறிகட்டுவான் துறைக்குப் போனேன். கேட்டதைத் தருகிறேன், நெடுந்தீவுக்கு வள்ளத்தை எடுங்கள் என்றேன்.

“முதலாளி, உங்கட காசைக் கடலுக்குத் தெரியுமோ? ஏலாது, வீட்டை போங்கோ” என்றார் வள்ளக்காரர். தெற்கில் என்னை அப்படித் திருப்பி அனுப்பியவர் எவருமில்லை.

அதே வகுப்பில் படித்த பட்டணத்துப் பெடியன் ஒருவனின் கொப்பியை இரவல் வாங்கி வந்தேன். மாஸ்டரின் இருமலைத் தவிர எல்லாம் அதில் இருந்தது. தம்பி புரட்டிப் புரட்டிப் பார்த்தான். “இது வேற ஆற்றையோ பாடம், அண்ணை. எனக்குள்ள ஒண்டும் எழும்பேல்லை.”

விலங்கியல் தாளில் கவிழ்ந்தான். நெடுந்தீவுப் பெடியன் சோதனை மண்டபத்துக்கே வந்து சேரவில்லை.

காற்றுத் தணிந்து வந்த முதல் லோஞ்சில் அந்தப் பெடியன் இறங்கினான். மெழுகுசீலையில் சுற்றிய கொப்பியை நெஞ்சோடு அணைத்திருந்தான். ஒரு துளி நனையவில்லை.

“மச்சான், உனக்கும் இல்லாமல் எனக்கும் இல்லாமல் போச்சடா” என்று அழுதான். “எத்தினை தரம் பார்த்தும் எனக்கு விளங்கேல்லை. தவளை, அம்பு, ரெண்டு சொல்லு... இதில என்னடா இருக்கு?”

தம்பி அவனைத் தேற்றவுமில்லை, ஏசவுமில்லை. “ஓம். எனக்கு மட்டும் விளங்கத்தான் எழுதினனான்” என்றான்.

அதற்குப் பிறகு தம்பி திரும்பச் சோதனை எழுதவில்லை. கெஞ்சினேன், ஏசினேன், ஒரு வருடம் முகம் கொடுத்துக் கதைக்காமலும் இருந்தேன். ஒரே பதில்: “ஏலாது, அண்ணை. கொப்பியைத் திறந்தா அவன் அழுததுதான் எழும்புது.” கடைசியில் என் கடைக்கே வந்து சேர்ந்தான்.

இப்போது என் பேத்தி பல்கலைக்கழகம் போகிறாள். விரிவுரையாளர் வாய் திறந்தால் மூடும்வரை எழுதுகிறாள், கை வீங்குகிறது என்கிறாள். பிள்ளைக்கு உன்னுடைய முறையைச் சொல்லிக் கொடு என்று தம்பியிடம் கேட்டேன். அவன் தலை நிமிரவில்லை.

“வேண்டாம், அண்ணை. எல்லாத்தையும் எழுதட்டும். ஆர் எடுத்து வாசிச்சாலும் விளங்கட்டும்.”